சொத்தை நகமும் தளர்ந்த உடலும்

சங்கத் தணிக்கைக்குச் செல்வோர் கணக்கேடுகளை மட்டுமே பார்த்து வருவர் என்பது பொதுவான எண்ணம். ஏடுகளைப் புரட்டும் கைகளையும், தறிக்குழியில் இறங்கும் கால்களையும் நாம் பார்க்கவே செய்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டிபட்டி வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். உற்பத்திப் பதிவேட்டில் ஓர் உறுப்பினரின் பெயருக்கு நேரே மூன்று மாதங்கள் வெறுமையாய்க் கிடந்தன. பாவு பெற்றிருக்கிறார், ஊடை நூலும் பெற்றிருக்கிறார், சேலை ஒன்றேனும் சங்கத்திற்கு வந்து சேரவில்லை. நூல் நிலுவை என்று குறிப்பெழுத முனைந்தபோது சங்கச் செயலாளர் குறுக்கிட்டார். "ஐயா, அவர் காலை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார்.

சென்று பார்த்தோம். ஐம்பது வயதைக் கடந்த பெரியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்தவர். வலக்காலில் கட்டு. பெருவிரல் இல்லை. ஆறு ஆண்டுகளாக அவ்விரலின் நகம் சொத்தையாகித் தடித்துக் கிடந்ததாம். மிதிப்பலகையில் உராய்ந்து தொல்லை தந்தமையால், ஒருநாள் சவர அலகால் தாமே சீவியெறிந்திருக்கிறார். சர்க்கரை நோய் பத்தாண்டுகளாக உண்டு. காலில் உணர்ச்சி மங்கியிருந்தபடியால் அலகு சதையில் பாய்ந்தது தெரியவில்லை. சீழ் வைத்து, விரல் கறுத்து, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோது விரலை நீக்குவதன்றி வேறு வழியில்லை என்றனர். "நகந்தானே ஐயா! நகத்துக்கென்று யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா?" என்று அவர் நம்மையே கேட்டார்.

அக்கேள்விக்கு விடையே இக்கட்டுரை. நாம் மருத்துவரல்லோம். ஆயினும் மருத்துவர்களைக் கேட்டும், நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை, நெசவாளரும் விவசாயிகளுமாகிய நம் உறுப்பினர் அறியுமாறு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நகம் என்பது யாது?

நகம் உயிரற்ற பொருள். நம் முடியும் மாட்டின் கொம்பும் எப்பொருளாலாயினவோ, அந்தக் கெராட்டின் என்னும் புரதத்தாலேயே நகமும் ஆயது. அதனுள் இரத்த ஓட்டமில்லை, நரம்பில்லை. உயிருள்ள பகுதி தோலுக்கடியில் மறைந்திருக்கும் நகவேரே. அங்கு உருவாகி, பாவு உருளையிலிருந்து துணி நகர்வதுபோல, நகம் மெல்ல முன்னோக்கி நகர்கிறது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால்விரல் நகம் அதில் பாதியோ அதற்கும் குறைவோ வளரும். கைநகம் ஒன்று முற்றிலும் புதிதாக ஆறு மாதமாகும். காற்பெருவிரல் நகத்திற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். இக்கணக்கை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

விவசாயி அறிந்த பகைவன்

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்குப் பூசணம் புதியதன்று. 1895-இல் பெரியாற்று அணை நீர் மலையைக் குடைந்து கீழிறங்கியது முதல், நெல்லும் வாழையும் பின்னர்த் திராட்சையுமாகச் செழித்த நிலம் இது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பயிரிடுவோர், இலையில் சாம்பல் பூத்தாற்போல் வரும் சாம்பல் நோயையும், இலையின் அடிப்புறத்தே வெண்மை படரும் அடிச்சாம்பல் நோயையும் நன்கறிவர். வாழை விவசாயி வாடல் நோயை அறிவார். இவற்றுள் பெரும்பாலானவை பூசணக் குலத்தின் செயல்களே. பச்சையம் இல்லாமையால் இக்குலம் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. பிறிதொன்றை அண்டியே பிழைக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் இருட்டும் கிடைத்த இடத்தில் வேரூன்றும்.

மனிதத் தோலையும் நகத்தையும் அண்டிப் பிழைப்பவை மூவகை. முதல்வகை, கெராட்டினையே உணவாகக் கொள்பவை. அவற்றுள் தலையாயது ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் என்பது. படர்தாமரை, கால்விரலிடைச் சேற்றுப்புண், சொத்தை நகம் ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள் என்று நம்மவர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் மூன்றும் ஒரே குடும்பத்துப் பூசணத்தின் வேலையே. விரலிடையில் தொடங்கி, நகத்தின் நுனிக்கடியில் நுழைந்து, பின் வேரை நோக்கிச் செல்வதே அதன் வழக்கமான பயணம். சேற்றுப்புண்ணைப் பாராமல் விட்டவருக்குச் சொத்தை நகம் வருகிறது. சொத்தை நகத்தைப் பாராமல் விட்டவருக்கு, அந்நகமே விதைக் களஞ்சியமாகிப் படர்தாமரையைத் திரும்பத் திரும்பத் தருகிறது.

இரண்டாம் வகை, கேண்டிடா என்னும் ஈஸ்ட் இனம். நாள் முழுதும் கைகளை நீரில் நனைப்போரை இது நாடும். சாயத்தொட்டியில் நூலை அலசுவோர், பாவுக்குக் கஞ்சி போடுவோர், வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்டிர் ஆகியோரின் நகக்கண் வீங்கிச் சிவந்து நாட்பட வலிப்பது இவ்வினத்தின் துணையால் நிகழ்வதுண்டு. மூன்றாம் வகை, மண்ணிலும் மட்கிலும் வாழும் பூசணங்கள். அவற்றுள் ஃபியூசேரியம் என்பது குறிப்பிடத் தக்கது. வாழையின் வாடல் நோய்க்குக் காரணமும் இக்குலத்தைச் சேர்ந்ததே. வாழையிலிருந்து நோய் மனிதனுக்குத் தாவுகிறது என்று எவரும் அஞ்ச வேண்டா. குலம் ஒன்றாயினும் கிளை வேறு. ஆயினும் மண்ணில் வெறுங்காலோடு நடப்பவனின் பிளந்த நகம், அதற்கு ஒரு திறந்த வாயில் என்பது உண்மை.

தோற்றங்கள்

நோய் எல்லாரிடத்தும் ஒரே தோற்றத்தில் வாராது. பெரும்பாலோர்க்கு நகநுனி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி, நகம் தடித்து, அடியில் மாவுபோல் பொடி சேர்ந்து, நகம் தசையினின்று தூக்கிக்கொள்ளும். சிலருக்கு நகத்தின் மேற்பரப்பில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும். முற்றிய நிலையில் நகம் முழுதும் உளுத்த மரம்போல் நொறுங்கும்.

இவற்றினின்று வேறுபட்ட தோற்றம் ஒன்றுண்டு. நுனி நன்றாயிருக்க, நகத்தின் அடிப்பாகத்தில், வேரின் அருகே வெண்மை தோன்றி முன்னோக்கிப் பரவும். உடல் நலமுள்ளாரிடம் இது அரிது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடமே இது மிகுதியும் காணப்படும். ஆதலின் இத்தோற்றத்தைக் கண்ட மருத்துவர் நகத்தோடு நின்றுவிடாமல் இரத்தப் பரிசோதனைக்கும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அறிவுறுத்துவர். உடலின் உள்ளே நிகழும் குறைபாட்டை நகம் முதலில் அறிவித்துவிடுவதும் உண்டு.

காவல் தளர்ந்தோர்

நலமுள்ள ஒருவருக்குச் சொத்தை நகம் அருவருப்பும் சிறு வலியுமே. உடலின் காவல் தளர்ந்தவர்க்கு அதுவே ஆபத்தின் தொடக்கமாகலாம். தோலில் கிருமி புகுந்தால் வெள்ளணுக்கள் விரைந்து சென்று அதனை அழிக்கின்றன. இவ்வணுக்கள் எண்ணிக்கையிற் குறைந்தாலும், செயலிற் குன்றினாலும், நகத்தோடு நிற்க வேண்டிய பூசணம் வேருக்கும், பல விரல்களுக்கும், சிலபோது இரத்தத்திற்கும் செல்கிறது. 2021-இல் கொரோனாவினின்று மீண்டோரைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கியதை நாம் மறந்திரோம். அப்பூஞ்சை காற்றிலும் மண்ணிலும் என்றும் இருப்பதே. கட்டுக்கு அடங்காத சர்க்கரையும், அளவு கடந்த ஸ்டீராய்டு மருந்தும் உடலின் கதவைத் திறந்து வைத்தமையால் அது உள்ளே புகுந்தது. சொத்தை நகத்திலும் நியாயம் அதுவே.

எவரெவர் இவ்வகுப்பில் அடங்குவர்?

முதலாவது, நீரிழிவு உள்ளோர். நம் நாட்டில் இவர்கள் தொகை 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு மதிப்பிட்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 550 நீரிழிவாளரை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நால்வரில் ஒருவர்க்குக் கால்நகப் பூசணம் இருந்தது. பிறரைக் காட்டிலும் அவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்றும் அவ்வாய்வு கண்டது. இவர்க்கு இடர்ப்பாடு மும்மடங்கு. காலில் இரத்த ஓட்டம் குறைகிறது. உணர்ச்சி மங்குகிறது. வெள்ளணுக்கள் சோர்வுறுகின்றன. தடித்த நகம் அடியிலுள்ள தசையை அழுத்திப் புண்ணாக்க, அப்புண் நோவாமலே முற்றுகிறது. நாம் கண்ட பெரியவரின் கதை இதுவே.

இரண்டாவது, எச்.ஐ.வி. தொற்று உள்ளோர். இந்நாட்டில் அத்தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. நெடுஞ்சாலையும் மலையடிவாரமுமாகிய நம் தேனி மாவட்டமும் அத்தொற்றால் மிகுதியும் வருந்திய மாவட்டங்களுள் ஒன்று. 2004-இல் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அச்சிகிச்சை மையம் இயங்குகிறது. அம்மருந்தை ஒழுங்காக உண்போர்க்கு எதிர்ப்பாற்றல் மீள, நகப் பூசணமும் தணிவதுண்டு.

மூன்றாவது, சிறுநீரகம் முதலிய உறுப்பு மாற்றம் பெற்றோர். மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை இவர்கள் ஆயுள் முழுதும் உண்கின்றனர். நான்காவது, மூட்டுவாதம், ஆஸ்துமா, தோல்நோய் முதலியவற்றிற்கு நெடுநாள் ஸ்டீராய்டு உண்போர்.

ஐந்தாவது, புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர். இவர்களுள் இரத்தப் புற்றுநோயாளர்க்கு ஆபத்து மிகப் பெரிது. வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில், விரல்நகத்தில் ஒட்டியிருந்த ஃபியூசேரியம் இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவிய நிகழ்ச்சிகள் மருத்துவ நூல்களிற் பல. அந்நிலையில் உயிர் மீட்பது அரிது. ஆதலின் கடும் மருந்து தொடங்குமுன் கால்நகங்களைப் பார்த்துக் குறையிருந்தால் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பர் வல்லுநர். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் முதன்முறையாக வெளியிட்ட பூசணக் கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலில் ஃபியூசேரியம் உயர்ந்த முன்னுரிமை வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது.

மதுரையின் பெயர் பெற்ற நோய்

அப்பட்டியலின் அதே வகுப்பில் நம் வட்டாரத்தோடு தொடர்புடைய மற்றொரு நோயும் இருக்கிறது. தேனி 1996-இல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்ததை வாசகர் அறிவர். அம்மதுரையில் 1842-இல் கில் என்னும் ஆங்கில மருத்துவர், கால் வீங்கிப் பல துளைகளில் மணிமணியாகச் சீழ் வடியும் நோயொன்றைக் கண்டு குறித்தார். 1846-இல் அதற்கு மதுரைக்கால் என்ற பெயரே நிலைத்தது. பின்னர் அதன் காரணம் பூசணம் என உணர்ந்து, மைசிடோமா என்று பெயரிட்டார் பம்பாயில் பணியாற்றிய கார்ட்டர் என்பவர். அதன் ஒருவகைக்குப் பூசணமும் மற்றொரு வகைக்குப் பாக்டீரியா இனமும் காரணம் என்பது பின்னாளைய தெளிவு. முள் தைத்த வெறுங்காலில் மண்ணிலுள்ள கிருமி புகுந்து, ஆண்டுக்கணக்கில் எலும்பு வரை அரிப்பதே அந்நோய்.

மதுரைக்கால் வேறு, சொத்தை நகம் வேறு. ஆயினும் இரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே. வெறுங்காலும், கவனியாத சிறு காயமும், "தானே ஆறிவிடும்" என்னும் எண்ணமும் சேர்ந்தால் உழைப்பாளி தன் காலை இழப்பான். வலியின்றித் தொடங்குவதே இந்நோய்களின் வஞ்சகம்.

பார்வையால் தீர்ப்பளியாதீர்

சொத்தையாகத் தோன்றும் நகங்களெல்லாம் பூசணத்தால் ஆனவை அல்ல. ஏறத்தாழப் பாதி வேறு காரணத்தால் ஆனவை என்பர் மருத்துவர். காளாஞ்சகப்படை என்னும் சொரியாசிஸ் நகத்தில் குழிகளையும் தடிப்பையும் தரும். மிதிப்பலகையின் இடையறாத மோதலே நகத்தைத் தடிக்கச் செய்யும். பச்சை நிறம் பூசணமன்றிப் பாக்டீரியாவின் அறிகுறியாக இருக்கும். நகத்தினடியில் புதிதாகத் தோன்றி அகலும் கருங்கோடு புற்றாகவும் இருக்கலாம். அதனை ஒருநாளும் தாமதிக்கலாகாது.

சோதனை எளியது. நகத்தைச் சற்று வெட்டி, அடியிலுள்ள பொடியைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளக்கி, நுண்ணோக்கியிற் பார்த்தால் பூசண இழைகள் நூலிழைபோல் தெரியும். எவ்வகை என்றறிய அப்பொடியை ஊடகத்தில் வளர்க்க வேண்டும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு வழக்கத்திற்கு மாறான பூசணங்கள் வருமாதலின், இச்சோதனை அவர்க்கு இன்றியமையாதது. களிம்போ மருந்தோ இட்ட பின் சோதனைக்குச் சென்றால் பூசணம் இருந்தும் இல்லையெனக் காட்டும். ஆகவே மருந்துக்கு முன் சோதனை என்பதே முறை.

சிகிச்சை ஒரு நெடுந்தவணை

முற்காலத்தில் இந்நோய்க்கு நகத்தைப் பிடுங்கியெறிவதன்றிப் பெரிதாக வழியில்லை. 1939-இல் ஒரு பூசணத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோபல்வின் என்னும் மருந்து, 1958 முதல் உண்ணும் மருந்தாகப் பயன்பட்டது. எனினும் நகத்தில் அதன் பயன் குறைவு. ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டியிருந்தது. 1990-களில் வந்த டெர்பினாபின், இட்ரகோனசோல் ஆகியவை நிலைமையை மாற்றின. டெர்பினாபின் வழக்கமாக நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் கைநகத்திற்கு 6 வாரமும் கால்நகத்திற்கு 12 வாரமும் அளிக்கப்படுகிறது. நகத்தின் நுனியில் மட்டும் சிறிதளவு நோயிருப்பின் அமோரால்பின் போன்ற பூச்சுமருந்து போதும். அதனைப் பல மாதம் பூச வேண்டும்.

பன்னிரண்டு வாரம் மருந்துண்டும் நகம் பழையபடியே இருக்கிறதே என்று பலர் மனம் சோர்ந்து வேறு மருத்துவரை நாடுகின்றனர். மேலே நாம் சொன்ன வளர்ச்சிக் கணக்கை இங்கே நினைவுகூர்க. மருந்து செய்வது பூசணத்தைக் கொல்வதே. கெட்ட நகத்தை அது நல்ல நகமாக்காது. வேரிலிருந்து நல்ல நகம் வளர்ந்து, கெட்டதை முன்தள்ளி வெட்டியெறிய ஓராண்டிற்கு மேலாகும். நெடுங்காலக் கடனின் தவணைபோல இது மெல்லவே அடையும். வேரருகே தெளிந்த புது நகம் தோன்றுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. ஒழுங்காகச் சிகிச்சை பெற்றும் ஐவரில் ஒருவர்க்கேனும் நோய் மீளும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு அது இன்னும் மிகுதி.

இவர்கள் மருந்துண்பதில் தனி எச்சரிக்கை வேண்டும். டெர்பினாபின் அரிதாக ஈரலைத் தாக்கும்; ஆதலின் தொடங்குமுன் ஈரல் பரிசோதனை செய்வர். இட்ரகோனசோல் இதயத் தளர்ச்சி உள்ளார்க்கு ஆகாது. உறுப்பு மாற்றம் பெற்றோர் உண்ணும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றின் அளவை அது இரத்தத்தில் மிகையாக்கிச் சிறுநீரகத்திற்குக் கேடு செய்யும். காசநோய்க்கு ரிபாம்பிசின் உண்போர்க்கு இட்ரகோனசோல் பயனற்றுப் போகும். புளூகோனசோல், நீரிழிவு மாத்திரைகளுள் கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு முதலியவற்றின் வேகத்தைக் கூட்டிச் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் தரலாம். எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றோடும் இவை முரண்படும். எனவே நகத்திற்காக மருத்துவரிடம் செல்பவர், தாம் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் பையிற் போட்டு எடுத்துச் செல்க. "இது நகத்துக்குத்தானே, அதை ஏன் சொல்ல வேண்டும்?" என்று எண்ணற்க.

செய்யத் தகாதவை

நாம் சுற்றுப்பயணத்திற் கண்ட தவறுகள் சில. சவர அலகால் நகத்தைச் சீவுதல் முதலாவது. நகத்தில் அமிலம் வைத்தல், பீடி நெருப்பால் சுடுதல் ஆகியவை அடுத்தவை. உணர்ச்சியற்ற விரலில் இவை ஆழப் புண்ணாக்கும். திராட்சைக்குத் தெளிக்கும் பூசணக்கொல்லியை நகத்தில் தடவிய விவசாயி ஒருவரையும் கண்டோம். "கொடியைக் காக்கும் மருந்து காலைக் காக்காதா?" என்பது அவர் வாதம். இலைக்கு அளந்து ஆக்கிய நஞ்சு தசைக்கு ஆகாது. நகத்தினுள் ஊடுருவவும் செய்யாது. நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் செருகுவதும் மருதாணி அரைத்து வைப்பதும் நம் பாட்டியர் முறை. நலமுள்ளார்க்கு அதனால் பெருந்தீங்கில்லை எனினும், நீரிழிவு உள்ளோர் ஈரமான கட்டை விரலில் நாட்கணக்கில் வைத்திருத்தல் நன்றன்று.

யாவற்றினும் பரவலான தவறு, கடையிற் கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்பு. பூசண மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் அரிப்பை உடனே அடக்கும், பூசணத்தையோ வளர்க்கும். தோல்மேற் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-இல் விதி வகுத்தது. மருந்தை அரைகுறையாகவும் முறையின்றியும் கையாளுவதன் விளைவு சிறிதன்று. டெர்பினாபினுக்குப் பெரும்பாலும் அடங்காத புதியதொரு படர்தாமரைப் பூசணத்திற்கு, 2020-இல் அறிஞர்கள் நம் நாட்டின் பெயரையே இட்டு ட்ரைக்கோபைட்டன் இண்டோடினியே என்றனர். இது நமக்குப் பெருமை தரும் பெயரன்று.

தொழிலும் காப்பும்

நெசவாளர்க்கு: குழியின் குளிர்ச்சி பாவுக்கு நன்று, விரலிடைக்கு நன்றன்று. மிதியின் கீழ் உலர்ந்த பலகையோ சாக்கோ இட்டு, வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்துக. தறியை விட்டு எழுந்ததும் கால் கழுவி, விரலிடைகளை உலர்ந்த துணியால் ஒற்றுக. சாயமிடுவோரும் கஞ்சி போடுவோரும் ரப்பர்க் கையுறை அணிக. உள்ளே வியர்த்தால் அவ்வப்போது கழற்றிக் கையை உலரவிடுக.

விவசாயிக்கு: நெல்வயற் சேற்றில் நாள் முழுதும் நின்றவர், வீடு திரும்பியதும் கால் கழுவுவதோடு அமையாது, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு செருப்பணிவது பூசணத்திற்கு நாற்றங்கால் அமைப்பதாகும். நீரிழிவு உள்ளோர் வீட்டினுள்ளும் வெறுங்காலோடு நடவாதிருத்தல் நன்று. மென்மையான எம்.சி.ஆர். செருப்பு அவர்க்கு உகந்தது.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் நாள்தோறும் வைகறையில் ஜீப்பேறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர்க்கு: அட்டைக்கு அஞ்சி அணியும் நீண்ட ரப்பர்க் காலணி, மழையில் நனைந்தால் மறுநாள் வரை உலராது. இரண்டு இணைக் காலுறை வைத்து மாற்றி அணிக. இரவில் காலணியைக் கவிழ்த்து உலர்த்துக.

எல்லார்க்கும்: நகத்தை நேராக வெட்டுக, ஓரங்களைத் தோண்டற்க. ஒருவர் நகவெட்டியை மற்றவர் பயன்படுத்தற்க. சேற்றுப்புண் தோன்றிய உடனே மருந்திடுக. விரலிடைப் பிளவு வழியே பாக்டீரியா புகுந்து கால் முழுதும் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருவதுண்டு. எதிர்ப்பாற்றல் குன்றியோர் நாள்தோறும் தம் காலைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க இயலாதவர்க்கு வீட்டார் பார்த்துச் சொல்க. நகத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சீழ், கருமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்றேனும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. அடுத்த சந்தை நாள் வரை பொறுக்கலாகாது.

சங்கம் செய்யத் தக்கவை

"இது உறுப்பினரின் சொந்தக் காரியம், இதிற் சங்கத்திற்கு யாது பங்கு?" என்று கேட்பார் உளர். தறி நின்றால் உற்பத்தி நிற்கிறது. உற்பத்தி நின்றால் கடன் நிலுவையாகிறது. நிலுவை பெருகினால் சங்கத்தின் ஐந்தொகை தளர்கிறது. உறுப்பினரின் கால் சங்கத்தின் சொத்தே.

ஆண்டில் ஒருமுறையேனும் பேரவைக் கூட்டத்தோடு சேர்த்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துச் சர்க்கரையும் காலும் பார்க்கச் செய்யலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீடுதேடி வருங்கால், நாணாமல் காலைக் காட்டுமாறு உறுப்பினர்க்கு அறிவுறுத்தலாம். மருத்துவர் எழுதிய மருந்தை நெடுநாள் வாங்க வேண்டியவர்க்கு, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட, கூட்டுறவுச் சங்கங்களும் பங்கேற்று நடத்தும் முதல்வர் மருந்தகங்களை எடுத்துக் காட்டலாம். பொதுப்பெயர் மருந்துகள் அங்குக் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன.

செயலாளர்க்கும் நிர்வாகக் குழுவினர்க்கும் ஒன்று கூற வேண்டும். நகத்தைக் காட்டச் சென்ற உறுப்பினர் ஒருவர்க்கு எச்.ஐ.வி. தொற்று வெளிப்படலாம். அச்செய்தி சங்கத் திண்ணையின் பேச்சாகலாகாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் இசைவின்றி அதனை வெளியிடுவதையும், அதன்பொருட்டு வேலையிலோ பிறவற்றிலோ வேற்றுமை பாராட்டுவதையும் தடுக்கிறது. அவர் நெய்த சேலையாலோ, அவர் அமர்ந்த தறியாலோ அத்தொற்று பரவாது. கூடி வாழ்வோம் என்று கையொப்பமிட்டுச் சேர்ந்தவர்களே நாம். நோயுற்றவனை ஒதுக்கும் சங்கம் பெயரளவில்தான் கூட்டுறவு.

அப்பெரியவரின் நூல் நிலுவைக்கு நேரே அன்று நாம் "நோய் காரணம், தவணை நீட்டிக்கத் தக்கது" என்று எழுதி வந்தோம். அடுத்த தணிக்கையின்போது அவர் பெயருக்கு நேரே சிறு தொகை ஒன்று இருந்தது. மிதிக்க இயலாமையால் தறியை மகனிடம் விட்டு, அவர் இராட்டையில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் இடக்காலை நீட்டிக் காட்டினார். நகங்கள் நேராக வெட்டப்பட்டிருந்தன, விரலிடைகள் உலர்ந்திருந்தன. "இந்தக் காலையாவது காப்பாற்றிக்கொள்கிறேன் ஐயா" என்றார்.

இழந்த விரலைக் கொண்டு அவர் கற்ற பாடத்தை, ஏனையோர் இழப்பின்றியே கற்பாராக. இன்றிரவு விளக்கொளியில் ஒவ்வொருவரும் தம் காலையும், தம் வீட்டு முதியோர் காலையும் ஒருமுறை பார்ப்பீர்களாக.